இல்லை என்பார்க்கு இட்ட பெயர்கள்

சேலம் மாநகர்க்கு வடக்கே உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலைமேல் உள்ளது ஏற்காடு. அவ்வூரில் 1882ஆம் ஆண்டில் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் என்னும் ஆங்கிலேயர் காலமாயினார். 1803இல் பிறந்து, இளமையிலேயே யாழ்ப்பாணம் போந்து தமிழ் பயின்ற இவர், பின்னர்ச் சென்னையில் மாநிலக் கல்லூரிப் பேராசிரியராய் விளங்கினார். 1855இல் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் தரும் அகராதி யாத்தார். 1874இல் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். சைவ உலகம் இவரை நினைத்தற்கு இவை யாவற்றினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இவர் விவிலிய நூலைத் தமிழாக்கிய காலத்தில் உடனிருந்து துணைபுரிந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். இருவரும் ஒரு மேசையின் இருபுறத்தும் அமர்ந்து, நம்பிக்கையைப் பற்றிய நூல் ஒன்றைச் சொற்சொல்லாக நிறுத்துப் பெயர்த்தனர். ஆயின் ஒருவர் நம்பியதை மற்றவர் நம்பினாரல்லர்.

இந்நிகழ்ச்சியினின்று ஒரு வினா எழுகின்றது. நம்பாதவனுக்கு, ஐயுறுவோனுக்கு, இல்லை என்று மறுப்போனுக்கு, எதனையும் குறையாகவே காண்போனுக்கு இடத்தக்க பெயர் யாது? விவிலியத் தமிழில் அவிசுவாசி, அற்பவிசுவாசி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. சைவர் நாவில் நாத்திகன் என்னும் பெயர் வழங்குகின்றது. உலக வழக்கில் சந்தேகப் பிராணி, குதர்க்கி, அவநம்பிக்கைக்காரன் எனப் பல வழங்குகின்றன. இக்காலத்தார் எதிர்மறைச் சிந்தனையாளர் என்றும், ஆங்கிலத்தையே கடன்கொண்டு நெகட்டிவ் ஆள் என்றும் கூறுவர். இப்பெயர்கள் ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. ஒன்றனை மற்றொன்றன் இடத்தில் வைத்து ஆளுதலால் விளையும் கேடு சொல்லளவில் நில்லாது கொள்கையையும் பற்றும். ஆதலின் இவை தனித்தனியே ஆராயத்தக்கன.

முதற்கண் நாத்திகன் என்னும் சொல்லைக் காண்க. உண்டு என்னும் பொருட்டாகிய அஸ்தி என்பதினின்று ஆத்திகன் என்பதும், இல்லை என்னும் பொருட்டாகிய நாஸ்தி என்பதினின்று நாத்திகன் என்பதும் பிறக்கும் எனப் பாணினி இலக்கணம் கூறும். எது உண்டு, எது இல்லை என்பதைச் சொல் தன்னகத்தே கொண்டிலது. மறுமை இல்லை என்பான் நாத்திகன் என்று உரைகாரர் பொருள் விரித்தனர். வேதத்தை இகழ்வோன் நாத்திகன் என்று மிருதி நூல் வரையறுத்தது. கடவுள் இல்லை என்பான் என்னும் பொருளே இச்சொற்கு உரியது என இன்று பலரும் கருதுவது பிற்காலத்து வழக்கின் பயனாம். அப்பொருளே பழையதாயின், உலகைப் படைத்தவன் ஒருவன் வேண்டா என்னும் மீமாஞ்சகரும், நிரீச்சுர சாங்கியரும் நாத்திகர் எனப்பட்டிருத்தல் வேண்டும். வேதத்தை உடன்பட்டமையின் அவர் அங்ஙனம் எண்ணப்பட்டிலர். எனவே நாத்திகன் என்பது ஒருவன் மறுக்கும் பொருளை நோக்கி வேறுபடும் பெயரேயன்றி, எல்லா மறுப்பையும் அடக்கும் பெயரன்று.

அருணந்தி சிவாசாரியர் இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அவர் உலோகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு கொள்கையினரை எதிர்கொள்கின்றார். அவர்களை நாத்திகர் என்னும் ஒரு கூடையில் அள்ளி எறிந்து மேற்செல்லுதல் எளிது. அவரோ ஒவ்வொருவரையும் அவரவர் கொள்கைப் பெயரால் விளித்து, அவரவர் கூற்றை முதலில் முழுதும் நிறுவி, அதன் பின்னரே மறுக்கின்றார். கண்ணுக்குப் புலனாவதன்றி வேறில்லை என்னும் உலோகாயதன் முதலிடம் பெறுகின்றான். அவன் வாதம் அவன் சொல்லக்கூடிய வன்மையோடேயே அங்குச் சொல்லப்படுகின்றது. எதிரியின் கூற்றை மெலிவித்து மறுப்பது வெற்றியாகாது என்பது அந்நூலின் நடைமுறையால் விளங்கும்.

இனி, ஐயம் என்பது யாது என ஆராயின், அது சித்தாந்த நூலின் உறுப்புக்களுள் ஒன்றே என்பது புலனாகும். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களாலும் 39 அதிகரணங்களாலும் இயன்றது. அதிகரணம் ஒன்றற்கு விடயம், ஐயம், மறுதலைக் கூற்று, துணிபு, இயைபு என்னும் ஐந்துறுப்புக்களை நூன்மரபு வகுக்கின்றது. ஆராயப்படும் பொருள் முதலாவது. அஃது இங்ஙனமோ அங்ஙனமோ என்னும் ஐயம் இரண்டாவது. ஐயத்தின் பயனாய் எழும் மறுப்பு மூன்றாவது. இவற்றைக் கடந்து எய்தும் துணிபாகிய சித்தாந்தம் நான்காவது. ஆகவே ஐயமும் மறுப்பும் இன்றிச் சித்தாந்தம் என்னும் பெயர்க்கே இடமில்லை. ஐயுற்று வினவும் மாணாக்கனை அவிசுவாசி என்று வாயடைக்கும் ஆசிரியன், தான் ஓதும் நூலின் இரண்டாம் உறுப்பையும் மூன்றாம் உறுப்பையும் கிழித்தெறிந்து நான்காவதை மட்டும் கையில் வைத்திருப்பவனாவன்.

ஐயத்திற்குத் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு, சேய்மைக்கண் தோன்றும் ஒன்றைக் குற்றியோ மகனோ எனக் கருதுதல். பனிமூட்டம் படரும் ஏற்காட்டு மலைப்பாதையில் நடப்பவர்க்கு இவ்வெடுத்துக்காட்டு உரை வேண்டாதே விளங்கும். எதிரில் நிற்பது மரமோ ஆளோ எனத் தயங்குபவன் குருடனல்லன், பொய்யனுமல்லன். குருடனுக்கு இவ்வையம் தோன்றாது. காட்சி உண்டாகித் தெளிவு உண்டாகாத இடைநிலையே ஐயம். அதற்கு மருந்து அணுகிச் சென்று காண்டலேயன்றி, தயங்கியவனை வைதல் அன்று.

பேர்சிவல் பாதிரியாரின் மருமகனாகிய இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞரும் ஏற்காட்டில் இல்லம் அமைத்து வாழ்ந்தவர். 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அவர் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இயல்பாக உடைந்த கல்லோ, மனிதன் கையாற் செதுக்கிய கருவியோ என்னும் ஆராய்ச்சிக்கு அஃது உரியதாயிற்று. அது கற்கருவி எனத் துணியப்பட்டமையால் இந்நாட்டில் மிகப் பழைய காலத்தே மக்கள் வாழ்ந்த செய்தி வெளிப்பட்டது. ஐயுறாது கடந்து போயிருப்பின் அது வழிக்கல்லாகவே கிடந்திருக்கும். மேனாட்டார் ஐயவாதியைக் குறிக்க வழங்கும் ஸ்கெப்டிக் என்னும் சொல்லும் கிரேக்க மொழியில் ஆராய்ந்து நோக்குவோன் என்னும் பொருளிற் பிறந்ததேயாம். அதற்கு மாறாக, எவர்பாலும் நன்மை காணாதவனைக் குறிக்கும் சினிக் என்னும் சொல் அம்மொழியில் நாயைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. நோக்குவோனும் நாயும் ஒன்றாகார். அம்மொழியும் இருவர்க்கும் வேறு பெயரே இட்டது.

தமிழில் நம்புதல் என்னும் பொருளை உணர்த்த இருவகைச் சொற்கள் உள. தெளிதல், தேறுதல் என்பன ஒருவகை. நம்புதல் என்பது மற்றொருவகை. தெளிதல் என்பது கலங்கிய நீர் தெளிவது போல அறிவின்கண் நிகழ்வது. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாது தெளிதலும் தெளிந்தபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பம் தருவன என்று முடித்தார். இங்கு ஐயுறவு முழுதும் கடியப்படவில்லை; காலந் தவறிய ஐயுறவே கடியப்பட்டது. தெளிதற்கு முன் ஐயுறாமையும் அதனோடொத்த குற்றமாகவே வைக்கப்பட்டது.

நம்பு என்னும் சொல்லோ வேறொரு நிலத்தது. தொல்காப்பிய உரியியல் இதற்கு நசை, அஃதாவது விருப்பம், எனப் பொருள் கூறும். சிவபெருமான் திருப்பெயர்களுள் ஒன்றாகிய நம்பன் என்பதற்கு விருப்பம் செய்யப்படுவோன் என்னும் பொருள் இதனாற் பொருந்தும். எனவே பழந்தமிழ் நோக்கில் நம்பிக்கை என்பது அன்பின் வேற்றுருவமாம். அங்ஙனமாயின் அவநம்பிக்கை என்பது அறிவின் குறையன்று. அன்பு பெறாமையானோ, பெற்ற அன்பு முறிந்தமையானோ நேர்ந்த குறை. பலகாலும் ஏமாற்றப்பட்டவன், பிறர் நீட்டும் கையைக் கண்டவிடத்தும் பின்வாங்குவான். அவனுக்கு அளவை நூலை விரித்துரைத்தல் பசித்தவனுக்குச் சமையல் நூலைப் படித்துக் காட்டுதலை ஒக்கும்.

இதனால் நால்வகையினர் வேறு வேறாதல் பெறப்படும். ஐயுறுவோன் தெளிவு பெறாதவன். அவனுக்கு வேண்டுவது விளக்கம். மறுப்போன் தனக்கென ஒரு கொள்கை உடையவன். அவனுக்கு வேண்டுவது நேரிய வாதம். விதண்டாவாதி தன் கொள்கை ஒன்றை நிறுவாது பிறர் கொள்கையை அழித்தலையே தொழிலாக உடையவன். வாதம், சற்பம், விதண்டை என்னும் மூன்றனுள் நியாய நூலார் இதனை இறுதியில் வைத்தனர். அவனுக்கு வேண்டுவது, நின் கொள்கை யாது என்னும் ஒரு வினா. நம்பிக்கை இழந்தவன் நசை முறிந்தவன். அவனுக்கு வேண்டுவது அன்பு. இந்நால்வரையும் நாத்திகன் என்னும் ஒரே பெயரால் அழைப்பவர், எல்லா நோய்க்கும் ஒரே குளிகை கொடுக்கும் மருத்துவரை ஒப்பர். அக்குளிகையும் பெரும்பாலும் வசையேயாதல் வருந்தத்தக்கது.

அஃதேல், திருமுறைகளில் புறச்சமயத்தாரைக் கடிந்துரைக்கும் இடங்கள் பல உளவே எனின், உள. திருஞானசம்பந்தர் பதிகங்கள் பலவற்றின் பத்தாம் பாடல் சமணரையும் புத்தரையும் இடித்துரைப்பது வெளிப்படை. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பானைத் திருவள்ளுவரும் அலகையாகவே எண்ணினார். இவற்றை மறைத்தலும், இல்லாத பொருள் கூறி மெழுகுதலும் நேர்மையாகா. ஆயினும், அரசும் ஊரும் ஒரு சமயத்தினின்று மற்றொன்றற்கு மாறிய காலத்தில் எழுந்த போர்முழக்கம் ஒன்று. சமயம் நிலைபெற்றபின் அமைதியில் இருந்து செய்யப்பட்ட சாத்திரம் மற்றொன்று. அருளாசிரியர் வாக்கினைத் தம் வசைக்குச் சான்றாக எடுப்பார், அவ்வாக்கிற்கு முன்னுள்ள ஒன்பது பாடல்களின் அன்பையும் தமதாக்கிக்கொண்ட பின்னரே பத்தாவதைத் தொடுதல் தகும்.

நாயன்மார் வரலாறும் இதற்குச் சான்று பகரும். சாக்கிய நாயனார் புத்தர் கோலத்தை நீக்காமலே, நாள்தோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்தார். வழியிற் செல்வோன் ஒருவன் அதனைக் கண்டிருப்பின் யாது பெயர் இட்டிருப்பான்? புறக்கோலமும் புறச்செயலும் இரண்டும் அவரை நிந்தகர் என்றே காட்டும். உள்ளே நிகழ்ந்தது வழிபாடு. மணப்பந்தரிற் புகுந்து அடிமை ஓலை காட்டிய முதியவரை நம்பியாரூரர் நம்பவில்லை. ஓலையைப் பறித்துக் கிழித்தார். பித்தன் என இகழ்ந்தார். திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு முடிந்தபின், அவ்விகழ்ச்சிச் சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தான் என்பது பெரியபுராணம். நம்ப மறுத்த சொல் தள்ளப்படவில்லை, பாட்டின் தலைச்சொல்லாயிற்று.

அதே திருவெண்ணெய்நல்லூரில் சந்தான மரபின் தொடக்கமும் ஓர் அவநம்பிக்கையோடு பிணைந்திருத்தல் கருதத்தக்கது. குலகுருவாகிய சகலாகம பண்டிதர், இளஞ் சிறுவராகிய மெய்கண்டாரின் பெருமையை நம்பாராய், செருக்கும் சினமும் மேலிட வந்து, ஆணவ மலத்தின் நிலை யாது என வினவினார். மெய்கண்டார் வாய்திறவாது வினவியவரையே சுட்டினார் என்பது மரபுவழிச் செய்தி. பண்டிதர் அந்நொடியில் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆனார். மெய்கண்டார் அவரை வேறொரு பெயரால் வைது திருப்பி அனுப்பியிருப்பின், சிவஞான சித்தியார் தமிழுக்குக் கிடைத்திராது. உலோகாயதன் கூற்றையும் குறையாது எடுத்துரைக்கும் பொறுமை அந்நூலுக்கு வந்தமைக்குக் காரணமும் இதனால் ஒருவாறு உய்த்துணரப்படும். நம்பாது வந்தவனின் நெஞ்சு எத்தகையது என்பதை அந்நூலாசிரியர் தம் வாழ்விலேயே அறிந்தவர்.

இங்கு மெய்கண்டார் சுட்டியது ஆணவத்தையா, ஆளையா என்று வினவலாம். ஆளிடத்து நிறைந்திருந்த ஆணவத்தையே சுட்டினார் என்பது சித்தாந்தம். செம்பிற் களிம்பு போல உயிரில் ஆணவம் அநாதியே பொருந்தியுள்ளது. ஆயினும் செம்பு வேறு, களிம்பு வேறு. அறியாமையும் ஐயமும் திரிபும் களிம்பின் காரியங்கள். அவிசுவாசி, நாத்திகன் எனப் பெயரிடுவார் களிம்பின் பெயரைச் செம்பிற்கு இடுகின்றனர். பெயர் நிலைத்துவிட்டால், களிம்பு நீங்கும் என்னும் எண்ணம் பெயரிட்டவனிடத்தும், நாளடைவில் பெயர் பெற்றவனிடத்தும் நீங்கிவிடும். மலம் நீங்கத் தக்கது என்பதே சைவத்தின் அடிப்படை. நீங்காப் பெயர் இடுதல் அவ்வடிப்படைக்கு முரணாம்.

புறத்தார் இட்ட பெயர் உண்மையை மறைத்தற்குச் சேர்வராயன் மலையே ஒரு சான்று. அம்மலைவாழ் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளுடைய அப்பெயரைக் கேட்போர் பலர், அவர் சேர நாட்டினின்று வந்த பிறமொழியாளர் என மயங்குவர். அவர் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. மலையுச்சியின் குகைக்கோயிலில் சேர்வராயரையும் காவேரியம்மனையும் அவர் வழிபட்டு வருகின்றனர். அம்மலையின் பெயரும் ஆங்கிலேயர் நாவில் ஷெவராய் எனத் திரிந்தது. பெயரை மட்டும் கேட்டு ஆளை அறிந்துவிட்டதாகக் கருதுதல் எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

இட்ட பெயரை ஏற்றவரே உவந்து சூடிக்கொள்ளுதலும் உண்டு. அம்மலையின் அடிவாரத்துச் சேலத்தில் 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றப்பெற்றது. பெரியார் ஈ. வெ. இராமசாமியும் அவரைச் சார்ந்தோரும் நாத்திகர் என்னும் பெயருக்கு நாணாது, பகுத்தறிவு என்னும் சொல்லையும் தமக்கு உரியதாக்கிக்கொண்டனர். சைவர் பலர் அதற்கு விடையாகப் பழைய வசையையே மேலும் உரத்துக் கூறினர். வசையை மாலையாக அணிந்தவரை அவ்வசையால் வெல்லுதல் யாங்ஙனம்? பகுத்தறிதல் சைவ நூல்கட்கு அயலானதன்று. ஆணவம், கன்மம், மாயை எனவும், பதி, பசு, பாசம் எனவும் பகுத்தறிந்தே சித்தாந்தம் நடைபெறுகின்றது. அளவை இயலைத் தலையில் வைத்தே சித்தியார் சுபக்கம் தொடங்குகின்றது. அச்சொல்லைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்து வசைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டமை சைவர்க்கு நேர்ந்த இழப்பேயாம்.

சிவஞானபோதத்து மூன்றாம் சூத்திரம் இவ்வாராய்ச்சிக்கு முடிவுரை தருகின்றது. உயிர் உண்டு என்பதை நிறுவப் புகும் மெய்கண்டார் எடுத்த முதற் சான்று வியப்புத் தருவது. உடம்பு முதலியவற்றை ஒவ்வொன்றாக இது உயிரன்று, இது உயிரன்று எனக் கழித்துச் சென்று, இறுதியில் உயிர் என ஒன்று இல்லை எனக் கூறும் அறிவு ஒன்று எஞ்சி நிற்கின்றதே, அங்ஙனம் இல்லை என்று அறிகின்ற பொருளே உயிர் என்றார். உண்டு என்பவனை அவர் சான்றுக்கு அழைக்கவில்லை. இல்லை என்பவனையே அழைத்தார். மறுப்பவன் வாயினின்று வரும் இல்லை என்னும் ஒலியிலேயே அவன் உயிரின் இருப்பு வெளிப்படுகின்றது.

உலக வழக்கில் இகழ்ச்சியாக வழங்கும் சந்தேகப் பிராணி என்னும் தொடரிலும் இவ்வுண்மை அறியாது பொதிந்துள்ளது. பிராணி என்பது உயிருடையது எனப் பொருள்படும். சந்தேகத்தை நோக்கி இகழ்ந்தவர், அவரை அறியாமலே உயிர் என்று உடன்பட்டனர்.

நாவலர் 1848இல் பாதிரியாரை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவி, மிஷன் சமயத்தை வன்மையாக மறுத்தெழுதினார். பாதிரியார் தம் சமயத்தில் நிலைத்தே இருந்தார். ஒருவர் சமயக் கணக்கில் மற்றவர் அவிசுவாசி. மற்றவர் கணக்கில் இவர் புறச்சமயி. அங்ஙனமிருந்தும், ஒரு தமிழ்ச்சொல் செப்பமாய் அமைதல் வேண்டும் என்னும் நசை இருவரையும் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்து இருத்தியது. அம்மேசையில் அப்பெயர்களுக்கு வேலை இருந்திலது. தம் முன் வந்து இல்லை என்பானைக் காணும் சைவர், அவனுக்குப் பெயரிடுமுன், அவன் இல்லை என்பது எதனை, எதனால் என்று ஒருமுறை வினவுதல் மெய்கண்டார் வழியில் நிற்போர்க்குக் கடப்பாடாம்.